மறு: உழும்போது வந்த ஓடுகள், ஊர்க்காரர்கள் சேர்ந்து தோண்டலாமா?

வணக்கம்ங்க. காங்கேயம் பக்கத்துத் தோட்டத்தில் உழும்போது கறுப்பு சிவப்பு ஓடுகள் வந்தன, பையன்களைச் சேர்த்துத் தோண்டிப் பார்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

தயவுசெய்து தோண்ட வேண்டாம். உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமான ஓடுகள் நொய்யல் கரைக் கொடுமணலில் தொல்லியல் அகழாய்வு செய்தபோது ஏராளமாகக் கிடைத்தன. தமிழ் பிராமி என்ற பழந்தமிழ் எழுத்தில் ஆள் பெயர் கீறிய ஓடுகளும், சூதுபவளம் என்ற செந்நிறக் கல் மணிகளும் அங்கே வந்தன. எந்த ஆழத்தில், எதனோடு கிடந்தன என்று குறித்து வைத்ததால்தான் அவை இவ்வளவு சொல்கின்றன. நாம் மண்வெட்டி போட்டால் அந்தச் செய்தி அழிந்துவிடும், திரும்ப வராது.

மேலே கிடப்பதை அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். சர்வே நம்பரை எழுதுங்கள். தேய்த்துக் கழுவாதீர்கள், கீறல் எழுத்து இருக்கலாம். அப்புறம் தாசில்தாருக்கும் மாநிலத் தொல்லியல் துறைக்கும் எழுதிக் கொடுங்கள்.

பையன்களுக்கு நல்ல வேலை ஒன்று இருக்கிறது. பெரியவர்களிடம் காடு, தோட்டங்களின் பழைய பெயர்களைக் கேட்கச் சொல்லுங்கள். நத்தமேடு, தாழிக்காடு மாதிரிப் பெயர் வந்தால் வரைபடத்தில் குறியுங்கள். நத்தமேடு என்றால் பெரும்பாலும் ஆள் குடியிருந்து கைவிட்ட இடம். தாழிக்காடு என்றால் இறந்தவர்களைத் தாழியில் புதைத்த இடமாக இருக்கலாம். கோயிலுக்கு மானிய நிலம் உண்டா? அப்படி மானிய நிலங்களைப் பதிந்த 1860களின் இனாம் பதிவேட்டை சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கேட்டுப் பாருங்கள்.

கோயில் சுவரில் எழுத்து தெரிந்தால் சாய்ந்த வெயிலில் படம் எடுங்கள். எங்கள் ஊரில் திருப்பணி என்று சுவரில் இயந்திரத்தால் மணலைப் பீய்ச்சிச் சுத்தம் செய்து, ஒரு முழுக் கல்வெட்டையே இழந்தோம். இன்னும் மனசு ஆறவில்லை. உங்கள் ஊரில் திருப்பணிப் பேச்சு வந்தால் முதலில் இந்த மணல் வீச்சைத் தடுங்கள்.