என் கிணறு, என் புல்தரை

கேள்வி: அய்யர்பங்களா பகுதியில் வீடு கட்டி, மூன்று சென்ட் பரப்பில் கொரியன் புல் பதித்து வளர்த்து வருகிறேன். மழை பொய்த்ததால், கோடை முடியும்வரை புல்லுக்கும் செடிகளுக்கும் ஆழ்துளைக் கிணற்று நீரைப் பாய்ச்சக் கூடாது என்று எங்கள் குடியிருப்போர் நலச்சங்கம் தீர்மானம் போட்டிருக்கிறது. தெருவில் நட்ட வேப்பங்கன்றுகளுக்கும் இதே தடைதான். மாநகராட்சிக் குழாய் நீரை நான் தோட்டத்துக்குத் தொடுவதே இல்லை. என் நிலம், என் போர், என் மின்கட்டணம். பாய்ச்சும் நீரும் மண்ணுக்குள்தானே திரும்பிப் போகிறது? இதைத் தடுக்க இவர்களுக்கு என்ன உரிமை?
— வாசகர் ஒருவர், மதுரை

பதில்: சங்கத்தின் தீர்மானம் அரசாணை ஆகாது. வழக்கு என்று போனால், 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் உங்களுக்குத் துணை நிற்கக்கூடும். தன் நிலத்துக்கு அடியில் வரையறுத்த போக்கில் ஓடாத நீரை எடுத்துக்கொள்ளும் உரிமையை அது நிலத்துக்காரருக்குத் தருகிறது. நிலத்தடி நீரை முறைப்படுத்தத் தமிழ்நாடு 2003இல் இயற்றிய சட்டமும் 2013இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆனால் 1882 என்பது கமலை கட்டி மாடுகள் நீர் இறைத்த காலம். மாடு களைத்தால் இறைப்பு நின்றது, இரவில் கிணறு ஊறியது. நீர்மூழ்கி மோட்டாருக்குக் களைப்பு இல்லை. அந்தக் காலத்து உரிமையை இந்தக் காலத்து இயந்திரத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நிற்பது நியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

மதுரையைச் சுற்றியுள்ள நிலம் பெரும்பாலும் கடும்பாறை. ஆற்று மணற்படுகையைப் போல நீர் எங்கும் பரவி நிற்பதில்லை. பாறை வெடிப்புகளில்தான் தங்குகிறது. அந்த வெடிப்புகளுக்கு உங்கள் சுற்றுச்சுவர் தெரியாது. நீங்கள் ஆழமாகத் துளைத்து நாள்தோறும் இழுத்தால், ஆழம் குறைந்த துளையோடு நிற்கும் பக்கத்து வீட்டுக்காரரின் குழாயில்தான் முதலில் காற்று வரும். அவர் லாரித் தண்ணீர் வாங்குவார்; அந்த லாரியோ ஊருக்கு வெளியே ஏதோ ஒரு தோட்டத்துக் கிணற்றில் நிரப்பிக்கொண்டு வருகிறது. மின்கட்டணம் மட்டும்தான் உங்களுடையது.

மூன்று சென்ட் என்பது சுமார் 120 சதுர மீட்டர். கோடையில் புல் பச்சையாக நிற்க நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் நீர் கேட்கும். அதாவது சதுர மீட்டருக்கு 5 லிட்டர், மொத்தம் 600 லிட்டர். பிளாஸ்டிக் குடத்தில் அளந்தால் 40 குடம். நகரத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று அரசு வகுத்திருக்கும் அளவின்படி, நான்கு பேருக்கு மேல் போதுமான நீர் இது. இதில் பெரும்பங்கு புல்லின் வழியாகவும் மேல்மண்ணின் வழியாகவும் ஆவியாகிவிடுகிறது. மிஞ்சுவது மேல்மண்ணை நனைப்பதோடு சரி. பல நூறு அடி ஆழத்துப் பாறை வெடிப்புக்கு அது திரும்புவதில்லை. ஆகவே, மண்ணுக்குள் போகிறது என்ற உங்கள் வாதம் நிற்காது.

சொந்தக் கிணற்றுக்கும் கட்டுப்பாடு என்பது உங்கள் சங்கம் கண்டுபிடித்த புதுமையும் அல்ல. 2018இல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரம், குழாய்க் குடிநீரைத் தோட்டத்துக்கு விடுவதை அறவே தடுத்ததோடு, வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீரையும் செவ்வாய், சனி ஆகிய இரு நாள்களில், காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ, ஒரு மணி நேரத்துக்கு மேற்படாமல்தான் பாய்ச்சலாம் என்று வரையறுத்தது. அவ்வளவு தொலைவுகூடப் போக வேண்டாம். கள்ளந்திரிவரை 45,041 ஏக்கர் இருபோகம், அதற்கு அப்பால் மேலூர்ப் பக்கம் 85,563 ஏக்கர் ஒருபோகம் என்று பெரியாறு பாசனம் பிரிந்து கிடக்கிறது. வைகை அணையில் நீர் குறைந்தால் அங்கே முறை வைத்துத்தான் திறக்கிறார்கள். சில ஆண்டுகளில் கடைமடைக்கு அந்த முறையும் வருவதில்லை. நெல் போட்டவர் முறைக்குக் காத்திருக்கும் மாவட்டத்தில் புல் போட்டவர் காத்திருப்பது அநீதி ஆகாது.

புல் செத்துவிடும் என்ற அச்சமும் வேண்டியதில்லை. அருகுபோல் வேரூன்றி வாழ்க என்று மணமக்களை வாழ்த்துகிறோம் அல்லவா? மேலே பழுத்துக் கருகினாலும், மண்ணுக்கடியில் கிடக்கும் தண்டிலிருந்து மழைக்குப் பின் அருகு துளிர்த்துவிடும். கொரியன் புல்லுக்கும் அத்தகைய தண்டு உண்டு. வெட்டாமல் உயர விடுங்கள், உரம் போடாதீர்கள், மேலே நடக்காதீர்கள். வாரம் ஒருமுறை விடியற்காலையில், துணி அலசிய கடைசித் தண்ணீரைத் தெளித்தால் வேர் பிழைத்துக்கொள்ளும். இரண்டொரு திட்டுகள் போனால், ஐப்பசியில் மறுபடி பதித்துக்கொள்ளலாம்.

ஆனால் உங்கள் சங்கம் ஒன்றில் பெரும் தவறு செய்திருக்கிறது. புல்லையும் மரக்கன்றையும் ஒரே தடைக்குள் போட்டிருக்கக் கூடாது. கருகிய புல் ஒரு மழையில் மீளும். நட்டு இரண்டு ஆண்டுகளான வேப்பங்கன்று இந்தக் கோடையில் காய்ந்தால், அந்தத் தெருவின் நிழல் இன்னும் பத்து ஆண்டுகளுக்குத் தள்ளிப்போகும். வேரடியில் சருகு பரப்பி, வாரம் இருமுறை இரண்டு குடம் ஊற்றினால் அது தாங்கிவிடும். அடுத்த கூட்டத்தில் புல்தரையை விட்டுக்கொடுத்து, அந்தக் கன்றுகளுக்காகப் பேசுங்கள். கார் கழுவும் குழாய்களுக்கும் தடை எல்லோருக்கும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்றும் கேளுங்கள். அதையும் சங்கத்தார் மறுத்தால் மறுபடி எனக்கு எழுதுங்கள். அப்போது உங்கள் பக்கம் நின்று எழுதுவேன்.