சுவரொட்டிக்காரர் பதில்கள்: பேயைப் போஸ்டரில் காட்டலாமா?

கல்லூரிகளில் இறுதியாண்டு மாணவர்கள் குறும்படம் ஒப்படைக்கும் பருவம் இது. இம்முறை வந்த கடிதங்களைப் பிரித்தால் எல்லாவற்றிலும் பேய். காதல் படம் எடுக்க இந்தத் தலைமுறையில் ஆளே இல்லையா என்று கேட்கத் தோன்றினாலும் காரணம் புரிகிறது. பேய்ப் படத்துக்கு ஒரு பழைய வீடும் ஒரு விளக்கும் போதும், நட்சத்திரம் வேண்டாம். நட்சத்திரம் இல்லாததால் ஆள் சேர்க்கும் பாரம் முழுவதும் விளம்பரத்தின் தலையில் விழுகிறது. போஸ்டர் வரைந்தே வயதாகிப்போன எனக்கு இது பிடித்த வேலை. பதில்களுக்குப் போவோம்.

எங்கள் படம் 18 நிமிடம். நாள் கணக்கில் ஒப்பனை செய்து ஒரு பேயை உருவாக்கியிருக்கிறோம். அதைப் போஸ்டரில் போட வேண்டும் என்கிறோம் நாங்கள். கூடாது என்கிறார் இயக்குநர். யார் சொல்வது சரி?
*– விஷுவல் கம்யூனிகேஷன் மாணவர்கள், கோவை*

இயக்குநர் சொல்வதுதான் சரி. ஒப்பனை செய்தவருக்கு என் அனுதாபத்தைச் சொல்லுங்கள்.

பஸ் நிறுத்தத்தில் ஒரு வாரம் பார்த்த முகம் எட்டாவது நாள் திரையில் வந்தால் யாரும் பயப்பட மாட்டார்கள். அதற்குள் அது தெரிந்தவர் முகமாகியிருக்கும். 1979-இல் வந்த ‘ஏலியன்’ படத்தின் போஸ்டரைத் தேடிப் பாருங்கள். ஃபிலிப் கிப்ஸ் வடிவமைத்தது. முழுக் கறுப்பு, நடுவில் ஒரு முட்டை, அதன் அடியில் விரிசல், விரிசலிலிருந்து கசியும் பச்சை ஒளி. அவ்வளவுதான். ஜந்துவும் இல்லை, நடிகர்களின் முகமும் இல்லை. வேடிக்கை என்னவென்றால், படத்தில் வருகிற முட்டைகூட அது இல்லை. படத்து முட்டை தோல் போர்த்தியதுபோல வேறு வடிவத்தில் இருக்கும். விண்வெளியில் அலறினால் யார் காதிலும் விழாது என்ற பொருளில் கூடவே ஒரு வரி. எழுதியவர் ஃபிலிப்பின் மனைவி பார்பரா கிப்ஸ். 1973-இல் ‘எக்ஸார்சிஸ்ட்’ படத்துக்கு பில் கோல்ட் செய்ததும் இதுதான். பேய் பிடித்த சிறுமியை அவர் காட்டவில்லை. இரவில் ஒரு வீட்டுக்கு எதிரே, ஒளிக்கீற்றில், கையில் பெட்டியுடன் ஒரு பாதிரியார் வந்து நிற்கிறார். வீட்டுக்குள் என்ன இருக்கிறது என்று கற்பனை செய்யும் வேலையைப் பார்ப்பவரிடமே விட்டுவிட்டார்.

உங்கள் கதையில் ஒரு தையல் மிஷின் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் போடுங்கள். ஊசிக்கு அடியில் வெள்ளைத் துணி. துணியில் நூலுக்குப் பதிலாக நீளமான தலைமுடி ஓடியிருக்கட்டும். பேயைவிட அது அதிகம் உறுத்தும். ஓடுகிற பஸ்ஸின் ஜன்னலிலிருந்து பார்ப்பவருக்குக் கிடைப்பது இரண்டு மூன்று விநாடி. அதற்குள் ஒரு பொருளும் ஒரு பெயரும்தான் மனதில் ஏறும். குழுவினர் அத்தனை பேருடைய முகத்தையும் பாஸ்போர்ட் அளவில் வரிசையாக அடுக்கினால் அது காதணி விழா பேனர்போல ஆகிவிடும். பெயர்களைக் கீழே இரண்டு வரியில் முடித்துக்கொள்ளுங்கள்.

படத்தின் பெயரை ரத்தம் சொட்டும் எழுத்தில் வைக்கலாமா?
*– ஒரு வாசகர், மதுரை*

வேண்டாம். சிரிப்புப் பேய்ப் படங்கள் அந்த எழுத்தை எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டன. பார்ப்பவர் சிரிக்கத் தயாராகிவிடுவார். பட்டைத் தூரிகையால் சொரசொரப்பான தாளில் பெயரைப் பலமுறை எழுதி, நன்றாக வந்ததை ஸ்கேன் செய்துகொள்ளுங்கள். கணினியில் கிடைக்கிற எழுத்துருவை இழுத்து வளைப்பதைவிட அது உயிரோடு இருக்கும். ஒன்று மட்டும்: அழகுக்காக மெய்யெழுத்துகளின் புள்ளியை விழுங்கிவிடாதீர்கள். தூரத்திலிருந்து படிப்பவர் தடுமாறுவார்.

12 நிமிடப் படத்துக்கு மூன்று நிமிடத்தில் டிரெய்லர் வெட்டியிருக்கிறோம். பார்த்தவர்கள் எல்லாரும் ‘முழுப் படத்தையும் பார்த்ததுபோல இருந்தது’ என்று பாராட்டுகிறார்கள். இன்னும் மெருகேற்ற வழி சொல்லுங்கள்.
*– ஒரு மாணவர், திருநெல்வேலி*

தம்பி, அவர்கள் சொன்னது பாராட்டு இல்லை, புகார். நாகரிகமாகச் சொல்லியிருக்கிறார்கள்.

படத்தில் கால்வாசியை இலவசமாகக் கொடுத்தாயிற்று. நாற்பது விநாடிக்குக் குறையுங்கள். படத்தின் முதல் நான்கு நிமிடத்துக்குள் வரும் காட்சிகளை மட்டுமே தொடுங்கள். மிச்சத்தைக் கைவைக்காமல் வைத்திருந்தால்தான் திரையிடும் நாளில் உங்களிடம் ஏதாவது இருக்கும்.

அடுத்தது ஒலி. நீங்கள் அனுப்பிய டிரெய்லரில் முதல் விநாடியிலிருந்து கடைசி விநாடிவரை இடி முழங்குகிறது. யூடியூப் போன்ற தளங்கள் மொத்தச் சத்தம் ஓர் அளவைத் தாண்டினால் முழு ஒலியையும் தாமாகவே இறக்கிவிடும். நீங்கள் எவ்வளவு ஏற்றினாலும் கேட்பவருக்கு வந்து சேர்வது தட்டையான இரைச்சல்தான். மாறாக, முப்பது விநாடி தாழ்ந்த குரலில் பேசவிட்டு ஒரே ஒரு இடத்தில் ஒரு கதவை அறைந்து பாருங்கள். இன்னொன்று: தியேட்டரில் வயிற்றைக் கலக்கும் அந்த ஆழ்ந்த உறுமல் கைபேசியின் சின்ன ஒலிபெருக்கியில் கேட்கவே கேட்காது. உங்கள் டிரெய்லரைப் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் கைபேசியில்தான் பார்க்கப்போகிறார்கள். அவர்களுக்கு உறுமலைவிட நகத்தால் கதவைச் சுரண்டும் ஒலி வேலை செய்யும். கீச்சு, கிசுகிசுப்பு, சொட்டு விழும் சத்தம், மூச்சு: இவையெல்லாம் அந்தச் சின்ன ஓட்டை வழியாகவும் வெளியே வரும்.

படம் இன்னும் முடியவில்லை, டிரெய்லருக்குக் காட்சியே இல்லை என்று வேறு இருவர் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் 1960-இல் ஹிட்ச்காக் ‘சைக்கோ’வுக்குச் செய்த டிரெய்லரைப் பார்க்கட்டும். ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடும். படத்தின் காட்சி எதுவும் கிடையாது. வீடு விற்கும் தரகரைப்போல அவரே விடுதியையும் வீட்டையும் சுற்றிக்காட்டிக்கொண்டு, பாதி வாக்கியத்தில் நிறுத்திக்கொண்டு, ‘இங்கேதான்...’ என்று இழுத்தபடியே நடப்பார். கடைசியில் குளியலறைத் திரையை விலக்கியதும் ஒரு பெண் அலறுவாள். அது கதாநாயகி ஜேனட் லீகூட இல்லை. அதே படத்தில் நடித்த வேரா மைல்ஸ், விக் வைத்துக்கொண்டு. உங்களிடம் ஒரு பழைய வீடும் நன்றாகப் பேசத் தெரிந்த ஒரு வாத்தியாரும் இருந்தால் இதை ஒரே மத்தியானத்தில் எடுத்துவிடலாம்.

எங்கள் நாயகியின் படத்துடன் ‘காணவில்லை’ என்று போஸ்டர் அடித்து ஊரெல்லாம் ஒட்டத் திட்டம். ‘பிளேர் விட்ச்’ படத்துக்கு இப்படித்தானே செய்தார்கள்?
*– குறும்படக் குழுவினர், சென்னை*

செய்தார்கள். அதை இயக்கிய டேனியல் மிரிக்கும் எடுவர்டோ சான்சேஸும் ஃபுளோரிடாவில் ஒரே பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள். மூன்று மாணவர்கள் காட்டுக்குள் போய்க் காணாமல்போனார்கள், அவர்கள் எடுத்த படச்சுருள் மட்டும் கிடைத்தது என்று ஓர் இணையதளத்தில் கதை கட்டினார்கள். 1999 ஜனவரியில் அமெரிக்காவின் சண்டான்ஸ் திரைப்பட விழாவில் ‘காணவில்லை’ துண்டறிக்கை கொடுத்தார்கள். நடிகர்கள் மூவரும் சொந்தப் பெயரிலேயே நடித்திருந்ததால் இன்னும் வசதியாகப் போயிற்று. உலக வசூல் 24 கோடி டாலரைத் தாண்டியது.

கணக்கின் மறுபக்கத்தையும் பாருங்கள். நாயகியின் தாயாருக்கு உண்மையிலேயே இரங்கல் அட்டைகள் வந்தன. படம் ஓடிக்கொண்டிருந்தபோது, உயிரோடிருந்த நடிகர்கள் வெளியே தலைகாட்ட முடியவில்லை. தங்கள் பெயரும் முகமும் இப்படிப் பயன்பட்டதற்கு நியாயமான பங்கு வேண்டும் என்று அவர்கள் 2024-இல்கூடப் பகிரங்கமாகக் கடிதம் எழுதினார்கள்.

உங்கள் ஊர்ச் சுவரில் உங்கள் போஸ்டருக்குப் பக்கத்தில் உண்மையிலேயே காணாமல்போன ஒரு பெண்ணின் படம் ஒட்டியிருக்கும். அவள் அப்பாவின் கைபேசி எண்ணும் இருக்கும். நாளைக்கு அதைப் பார்ப்பவர் ‘இதுவும் ஏதோ சினிமா’ என்று கடந்துபோனால் அந்தப் பாவம் யாருக்கு? காவல் நிலையத்தில் பதில் சொல்ல வேண்டிவரும் என்பதை இதற்குப் பிறகுதான் சொல்கிறேன். பொது இடங்களின் தோற்றத்தைக் கெடுப்பதற்கு எதிராக இங்கே 1959-ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது.

ஏமாற்றாமலே விளையாடலாம். கல்லூரி அறிவிப்புப் பலகையில், அனுமதி வாங்கி, ‘வீடு வாடகைக்கு’ என்று ஒரு வெள்ளைத் தாள் ஒட்டுங்கள். இரண்டு படுக்கையறை, கிணற்றுத் தண்ணீர், முன்பணம் வேண்டாம், முன்பு குடியிருந்தவர்கள் இன்னும் காலிசெய்யவில்லை. அடியில் தொலைபேசி எண் கிழித்துக்கொள்ளும் துண்டுகள் இருக்குமே, அவற்றில் எண்ணுக்குப் பதிலாகப் படத்தின் பெயரும் திரையிடும் நாளும். கிழித்துச் சட்டைப்பையில் போட்டவர் வருவார்.

என் மகள் இங்கே பள்ளியில் மீடியா ஸ்டடீஸ் படிக்கிறாள். ஒரு திகில் படத்தைக் கற்பனை செய்து அதற்கு டீசர், போஸ்டர், ஒரு சினிமாப் பத்திரிகையின் அட்டை மூன்றும் செய்ய வேண்டுமாம். முதல் இரண்டும் வந்துவிட்டன. அட்டை மட்டும் இன்னொரு போஸ்டர் மாதிரியே இருக்கிறது என்று ஆசிரியை திருப்பிவிட்டார். என்ன குறை?
*– ஒரு தாய், லண்டன்*

ஆசிரியைக்குக் கண் நன்றாகத் தெரிகிறது. மகள் அனுப்பிய அட்டையைப் பார்த்தேன். மேலே பத்திரிகைப் பெயர். மற்றதெல்லாம் அவளுடைய படம். ‘நாயகியின் பேட்டி’, ‘இயக்குநரின் பேட்டி’, ‘படப்பிடிப்பில் நடந்த அமானுஷ்யம்’. எந்தப் பத்திரிகை ஆசிரியர் தன் அட்டை முழுவதையும் ஒரு படத்துக்குத் தாரை வார்ப்பார்? அட்டை விற்பது பத்திரிகையை. படம் அதற்குத் தூண்டில். ஆகவே பேய்ப் படத்துக்கு ஒரு பெரிய தலைப்பு கொடுத்துவிட்டு, ஓரங்களில் ஒரு காதல் படம், ஒரு விளையாட்டு வீரரின் வாழ்க்கைப் படம், வாசகர் போட்டி என்று வேறு சங்கதிகளுக்கு இடம் விடச் சொல்லுங்கள். விலை, மாதம், பட்டைக்கோடு (பார்கோடு) மூன்றும் கட்டாயம். உள்ளதொரு பத்திரிகையின் பெயர்ச் சின்னத்தை எடுத்தாளாமல் சொந்தமாக ஒரு பெயர் வைக்கட்டும்.

பெயர் ஏன் உச்சியில் இருக்கிறது என்று அவளைக் கேளுங்கள். நம் ஊர்ப் பெட்டிக்கடையில் கயிறு கட்டி, கிளிப் மாட்டி, ஒன்றன்மேல் ஒன்று பாதி மறைக்கும்படி பத்திரிகைகளைத் தொங்கவிட்டிருப்பார்கள். அங்கேயுள்ள கடை அடுக்கிலும் அப்படித்தான், மேல்பகுதியும் இடது ஓரமும்தான் கண்ணுக்குப் படும். அட்டையில் சொல்ல வேண்டியதை அந்த இடத்தில் சொல்லியாக வேண்டும்.

கடினமான முடிச்சு முகம்தான். போஸ்டரில் முகத்தை மறைக்கச் சொன்ன நானே இங்கே காட்டச் சொல்கிறேன். வாங்குபவரை நேராகப் பார்க்கும் கண்கள் இல்லாமல் சினிமா அட்டை விற்பது அரிது. ஆனால் அது பேயின் முகமாக இருக்க வேண்டாம். பயந்தவளின் முகம், பாதி வெளிச்சத்தில். அலறவும் வேண்டாம், அலறும் வாய் சின்ன அளவில் கொட்டாவியாகத் தெரியும். பேட்டி கொடுக்க வந்த நடிகையாக அவள் இருக்கட்டும், பின்னால் சுவரில் மட்டும் ஏதோ ஒன்று சரியில்லாமல் இருக்கட்டும். மேலே சொன்ன ‘பிளேர் விட்ச்’ 1999 ஆகஸ்டில் டைம், நியூஸ்வீக் இரண்டின் அட்டையிலும் வந்தது. மாணவர்கள் அளவுச் செலவில் எடுத்த படம் செய்திப் பத்திரிகையின் அட்டைக்குப் போகக் காரணம், படத்தைவிட அதைச் சுற்றி நடந்த கூத்து செய்தியாகிவிட்டது.

ஆப்செட் மிஷினில் வேலை செய்கிறேன். உங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டு பிள்ளைகள் எல்லாரும் முழுக் கறுப்பில் ஃபைல் கொண்டுவருகிறார்கள். தாள் காய்வதே இல்லை. கொஞ்சம் சொல்லக் கூடாதா?
*– ஓர் அச்சகத் தொழிலாளி, சிவகாசி*

சொல்கிறேன் அண்ணாச்சி, பிள்ளைகள் கேட்டுக்கொள்ளட்டும். சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு நான்கையும் நூறு நூறு சதவீதம் வைத்தால் தாளில் 400 சதவீத மை ஏறும். மெல்லிய போஸ்டர் தாள் தாங்காது. அடுத்த தாளின் முதுகில் ஒட்டிக்கொள்ளும். கறுப்பு 100, சயான் 60, மற்ற இரண்டும் 40 என்று வைத்தால் மொத்தம் 240. பார்வைக்கு அதே இருட்டுதான். மெல்லிய வெள்ளை எழுத்தை அந்த இருட்டின்மேல் வைக்காதீர்கள், அச்சுத் தகடு மயிரிழை விலகினாலும் எழுத்து அடைத்துக்கொள்ளும். கணினித் திரையில் தெரியும் இருட்டின் நுணுக்கம் தாளில் வராது. மூலையில் மறைந்து நிற்கும் பேய் அச்சில் உண்மையாகவே மறைந்துவிடும். ஆகவே படத்தை வேண்டிய அளவைவிடச் சற்று வெளிச்சமாக்கிக் கொடுங்கள். ஐம்பது பிரதிக்காகச் சிவகாசிக்குப் போகாதீர்கள். பக்கத்து டிஜிட்டல் அச்சுக்கடை போதும்.

ஒட்டும்போது மைதாப் பசையில் கொஞ்சம் மயில்துத்தம் கலந்தால் பூச்சி அரிக்காது. அது விஷம், கையுறை போட்டுக்கொள்ளுங்கள், மாடு மேயும் சுவராக இருந்தால் கலக்கவே வேண்டாம்.

விளம்பரத்துக்குக் கையில் ஒரு ரூபாய்கூட இல்லை. ஒரே ஒரு திரையிடல் மட்டும் விடுதியில் நடக்கப்போகிறது. அதை வைத்து என்ன செய்யலாம்?
*– ஒரு மாணவி, தஞ்சாவூர்*

‘பாராநார்மல் ஆக்டிவிட்டி’ ஓரென் பெலி தன் சொந்த வீட்டிலேயே சுமார் 15,000 டாலரில் எடுத்த படம். 2009-இல் அது பரவலாக வெளியானபோது டிரெய்லரில் படத்தைக் கொஞ்சமாகவும், படம் பார்த்தவர்களை நிறையவும் காட்டினார்கள். இருட்டில் படம்பிடிக்கும் கேமராவில் அரங்கமே துள்ளுகிறது, பக்கத்தில் இருப்பவரைக் கட்டிக்கொள்கிறது. ‘எங்கள் ஊருக்கும் கொண்டுவாருங்கள்’ என்று இணையத்தில் பத்து லட்சம் பேர் கேட்டால் நாடு முழுக்க வெளியிடுவோம் என்றார்கள், கேட்டார்கள், வெளியிட்டார்கள்.

விடுதித் திரையிடலில் நீங்களும் திரைக்குக் கீழே ஒரு கேமராவைப் பார்வையாளரை நோக்கி வையுங்கள். படமெடுக்கப்போகிறோம் என்பதை முன்கூட்டியே சொல்லி, எல்லாரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் குழுவினரைக் கடைசி வரிசைக்கு அனுப்பிவிடுங்கள், நண்பர்கள் நடிப்பார்கள். கிடைத்ததில் பதினைந்து விநாடி போதும். அந்தப் பதினைந்து விநாடிகூடத் தேறவில்லை, யாரும் துள்ளவில்லை என்றால் டிரெய்லரை ஒத்திப்போட்டுவிட்டு எடிட்டிங் அறைக்குத் திரும்புங்கள்.