போயின் பள்ளத்தாக்கு: வரைபடத்தில் பத்து நிமிடம், நேரில் வேறு கதை

அயர்லாந்தின் மீத் பகுதியில், ஸ்லேன் கிராமத்தை ஒட்டிய சிறு விடுதிகளில் தங்கிச் சுற்றிப் பார்க்க நினைக்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

ஸ்லேன் பக்கத்தில் அறை போட்டிருக்கிறோம். நியூகிரேஞ்ச் கல்லறை மேடு பத்து நிமிடத் தூரம்தான் என்று வரைபடம் காட்டுகிறது. காலையில் சாப்பிட்டுவிட்டு நேரே காரில் போய்விடலாமா? ஏழு வயது மகனும் அறுபத்தெட்டு வயது அம்மாவும் வருகிறார்கள். (வாசகி, கோவை)

முடியாது. மேட்டு வாசலுக்குச் சொந்தக் காரில் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஸ்லேன், நியூகிரேஞ்ச் இரண்டும் போயின் ஆற்றின் வடகரையில் இருக்கின்றன. டிக்கெட் பார்க்கும் மையமோ தென்கரையில், டோனோர் கிராமத்துப் பக்கம். ஆகவே வழிகாட்டிச் செயலியில் ‘நியூகிரேஞ்ச்’ என்று போடாமல், ‘புரூ நா போய்ன்யா பார்வையாளர் மையம்’ என்று போடுங்கள். அங்கே காரை நிறுத்திவிட்டு, நடைபாலத்தில் ஆற்றைக் கடந்தால் மேட்டுக்குப் போகும் பஸ் நிற்கும். பாலம் வரை அம்மாவின் நடை வேகத்தையும் கணக்கில் வையுங்கள். டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு அரை மணி முன்னதாக மையத்தில் இருப்பது நல்லது. பஸ் போய்விட்டால், அடுத்ததில் இடம் இருக்கும் என்று நம்பியிருக்க முடியாது.

டிக்கெட் எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். மேட்டை வெளியிலிருந்து மட்டும் பார்க்கும் டிக்கெட் தனி; உள் அறைக்கும் போகும் டிக்கெட் தனி. ‘சேம்பர்’ என்ற சொல் இருந்தால்தான் உள்ளே விடுவார்கள். கோடை விடுமுறையில் அந்த டிக்கெட்டுகள் வேகமாகத் தீர்ந்துவிடும். முதலில் டிக்கெட், பிறகு விடுதி அறை என்ற வரிசையில் பதிவு செய்யுங்கள். பலர் தலைகீழாகச் செய்துவிட்டு மேட்டின் வெளிச்சுவரை மட்டும் பார்த்துத் திரும்புகிறார்கள்.

உள்ளே போகும் இடைகழி 19 மீட்டர் நீளம். பக்கவாட்டுக் கற்கள் சில உள்நோக்கிச் சாய்ந்திருப்பதால் சில இடங்களில் குனிந்து, தோளைத் திருப்பித்தான் நகர வேண்டும். முதுகுப்பை, ஸ்ட்ரோலர் எல்லாம் வெளியே வைக்க வேண்டியதுதான்; உள்ளே படம் எடுக்கவும் அனுமதி இல்லை. தரை மெதுவாக ஏறிக்கொண்டே போய், அறைக்கு வரும்போது வாசலைவிட ஏறக்குறைய இரண்டு மீட்டர் உயர்ந்திருக்கும். காரணம் இதுதான்: வாசலுக்கு மேலே இருக்கும் சிறிய கல் சாளரமும் அறையின் தரையும் ஒரே மட்டத்தில் வருகின்றன. டிசம்பர் 21-ஐ ஒட்டிய சில நாட்களில் சூரியன் உதிக்கும்போது வெளிச்சம் வாசல் வழியாக அல்ல, அந்தச் சாளரம் வழியாகத்தான் அறைக்குள் விழுகிறது. மைக்கேல் ஓ'கெல்லி என்ற தொல்லியலாளர் 1967-இல் இதை நேரில் கண்டார். மேடு கட்டப்பட்டது கி.மு. 3200 வாக்கில், கிசாவின் பெரிய பிரமிடைவிட மூத்தது.

அந்த நாட்களில் உள்ளே நிற்க, குலுக்கலில் பெயர் விழ வேண்டும். விழுந்தாலும் மேகம் மூடினால் ஒன்றும் தெரியாது. மற்ற நாட்களில் கைடு விளக்கை அணைத்துவிட்டு, மின்விளக்கால் அந்த ஒளிக்கீற்றைக் காட்டுவார். இருட்டுக்குப் பயப்படும் பிள்ளையாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அம்மாவுக்கு மூட்டுவலியோ, இடுக்கான இடத்தில் மூச்சுமுட்டும் பழக்கமோ இருந்தால் அவர் வெளியிலேயே நிற்கலாம். சுற்றியுள்ள 97 விளிம்புக்கற்களைப் பார்க்கவே நேரம் போதாது.

நியூகிரேஞ்சின் வெள்ளைக்கல் சுவர் புதுசாகக் கட்டினது மாதிரி இருக்கிறதே? (வாசகர், ஈரோடு)

உங்கள் கண் சரிதான். கல் பழையது, சுவர் புதியது. வாசல் முன்னால் சரிந்து கிடந்த வெண்படிகக் கற்களை 1960, 70-களின் அகழாய்வுக்குப் பிறகு கான்கிரீட் தாங்குசுவரில் பதித்து நிறுத்தினார்கள். அவை முதலிலேயே தரையில் பரப்பப்பட்டிருந்தவை என்று வாதிடும் தொல்லியலாளர்களும் உண்டு. பக்கத்து மேடான நௌத்தில் அதே வகைக் கற்களைத் தரையிலேயே பரப்பி வைத்திருக்கிறார்கள். இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள். நௌத்தின் இடைகழிக்குள் போக முடியாது. ஆனால் கல் செதுக்கல்களை அருகிலிருந்து பார்க்க அதுதான் சிறந்த இடம் என்பது எங்கள் எண்ணம்.

‘புக் ஆஃப் கெல்ஸ்’ சுவடியைப் பார்க்கக் கெல்ஸ் ஊருக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்கலாம்? (வாசகர், யாழ்ப்பாணம்)

ஓவியம் தீட்டிய அந்தப் பழைய நற்செய்திச் சுவடி அங்கே இல்லை. 17-ஆம் நூற்றாண்டிலேயே டப்ளின் டிரினிட்டி கல்லூரிக்குப் போய்விட்டது. கெல்ஸில் வட்டக் கோபுரமும் கற்சிலுவைகளும் உண்டு. ஒரு மணி நேரம் போதும்.

சிலுவைகள்தான் உங்கள் ஆர்வம் என்றால் டிரோகெடாவுக்கு வடக்கே மொனாஸ்டர்பாய்ஸ் போங்கள். கட்டணம் இல்லை. அங்குள்ள முய்ரெடாக் சிலுவை ஐந்து மீட்டருக்கும் மேல் உயரம், ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழையது. கிழக்கு முகத்தில் இறுதித் தீர்ப்புக் காட்சி இருக்கிறது. அதில் ஒரு தராசில் ஆன்மாவை நிறுக்கிறார்கள். கீழே சாத்தான் படுத்துக்கொண்டு எடையைக் கெடுக்கப் பார்க்கிறான். காலை வெயில் சாய்வாக விழும்போதுதான் இந்தச் செதுக்கல் எடுப்பாகத் தெரியும். நடுப்பகலில் எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகிவிடும்.

இரண்டு வயதுக் குழந்தையோடு டிரிம் கோட்டைக்குப் போகலாமா? (வாசகி, லண்டன்)

வளாகத்துக்குத் தாராளமாகப் போகலாம், புல்வெளியில் ஓடவிடலாம். நடுவில் நிற்கும் இருபது பக்கக் கோபுரத்துக்குள் கைடு இல்லாமல் போக முடியாது. படிகள் சுழன்று செங்குத்தாக ஏறுகின்றன. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறுவது ஆபத்து. பெரியவர்கள் இருவர் முறைவைத்து ஏறுங்கள். பழங்கால ஐரிஷ் அரசர்களின் இடமான டாரா குன்றையும் அன்று மாலையே பார்த்துவிடலாம். டிக்கெட் இல்லை, வேலி இல்லை, ஆடுகள் மேயும். பழைய செருப்பு போட்டுக்கொண்டு போங்கள்.

பிள்ளைகளுக்குக் கல்லும் கோட்டையும் அலுத்துவிட்டால்? (வாசகர், மதுரை)

ஆஷ்போர்ன் அருகே எமரால்ட் பார்க். 2022 வரை டெய்டோ பார்க் என்று ஓர் உருளைக்கிழங்கு சிப்ஸின் பெயரில் இருந்தது. இப்போதும் ஊர்க்காரர்கள் வாயில் அதே பெயர்தான். மரத்தாலான ரோலர் கோஸ்டரும் சிறு விலங்குக்காட்சிச் சாலையும் உண்டு. பெரிய சவாரிகளுக்கு உயர வரம்பு இருக்கிறது. வீட்டிலேயே பிள்ளையை அளந்து பார்த்துவிட்டால் வரிசையில் நின்று அழ வேண்டியிருக்காது. குளிர்காலத்தில் போவதாக இருந்தால் திறந்திருக்கும் நாட்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் சைவம். விடுதியில் காலைச் சாப்பாடு எப்படி? (வாசகி, திருச்சி)

முந்தைய இரவே சொல்லிவிடுங்கள். வழக்கமான ஐரிஷ் காலைத் தட்டில் பன்றித் தொத்திறைச்சி, பேக்கன் இரண்டும் இருக்கும். ‘பிளாக் புட்டிங்’ என்பது பன்றி இரத்தமும் ஓட்ஸும் சேர்ந்தது. பெயரைப் பார்த்து இனிப்பு என்று எடுத்துவிடாதீர்கள். ‘ஒயிட் புட்டிங்’கிலும் இறைச்சி உண்டு. காளானையும் தக்காளியையும் பேக்கன் வதக்கிய அதே சட்டியில் வதக்குவார்கள். தனிச் சட்டி வேண்டும் என்று குறிப்பாகக் கேட்க வேண்டும். ஓட்ஸ் கஞ்சி, சோடா ரொட்டி, வெண்ணெய் எப்போதும் கிடைக்கும்.

இரவுச் சாப்பாடு பெரும்பாலான சிறு விடுதிகளில் கிடையாது, பப்புக்குத்தான் போக வேண்டும். இரவு 9 மணிக்கு மேல் பிள்ளைகளைப் பாரில் உட்காரவிட மாட்டார்கள், அது சட்டம். மே முதல் செப்டம்பர் வரை மட்டும் 10 மணி. ஜூனில் பத்து மணிக்கு நெருங்கித்தான் சூரியன் மறையும் என்பதால் நேரம் போவதே தெரியாது. ஏழு மணிக்கே மேசையில் உட்கார்ந்துவிடுங்கள்.

டப்ளின் விமான நிலையத்தில் வாடகைக் கார் எடுக்கிறோம். சுங்கச்சாவடிகள் உண்டா? (வாசகர், சென்னை)

விமான நிலையத்திலிருந்து ஸ்லேனுக்கு எம்50 சுற்றுச்சாலையின் சுங்கப் பகுதியைத் தொட வேண்டியதில்லை. டப்ளினுக்குத் தெற்கே விக்லோ பக்கம் போனால் தொட வேண்டிவரும். அங்கே சாவடியும் தடுப்பும் கிடையாது, கேமரா எண்பலகையைப் படம் எடுக்கும், அவ்வளவுதான். மறுநாள் இரவு 8 மணிக்குள் பணம் கட்டாவிட்டால் அபராதம் சேரும். கார் கம்பெனியே கட்டிவிடுமா, நீங்கள் கட்ட வேண்டுமா என்பதைச் சாவி வாங்கும்போதே கேளுங்கள். பெட்ரோல் பங்க்கில் பச்சைக் குழாய் பெட்ரோல், கறுப்பு டீசல்.