இரண்டெழுத்து அச்சும் இடைத்தரகர் பேச்சும்

கேள்வி: ஐயா, தாத்தா காலத்திலிருந்து எங்கள் பர்ஸ், பெல்ட்டில் கே, எஸ் இரண்டையும் பின்னி பித்தளை அச்சால் குத்துகிறோம். 'மோனோகிராம் வெறும் இனிஷியல், வணிகச் சின்னமாகப் பதிவாகாது. லோகோவாக மாற்றி 18,000 ரூபாய் கட்டுங்கள்' என்கிறார் ஒரு புரோக்கர். உண்மையா? – ஆம்பூர் வாசகர்.

பதில்: முதல் பாதி பொய். இரண்டாம் பாதிக்குக் கணக்குக் கேளுங்கள்.

மோனோகிராம் கிரேக்கச் சொல். மோனோஸ் என்றால் ஒன்று, கிராமா என்றால் எழுத்து. எழுத்துகள் பின்னிப் பிணைந்து ஒரே உருவாக வேண்டும். பக்கத்தில் பக்கத்தில் நின்றால் அது வெறும் இனிஷியல்தான். பழைய கிரேக்க நகரங்களின் அக்கேயக் கூட்டமைப்பு 2,100 ஆண்டுகளுக்கு முன்பே இரண்டெழுத்தைப் பிணைத்து நாணயத்தில் போட்டது. உங்கள் தொழிலிலேயே, பிரெஞ்சுப் பெட்டி வியாபாரி லூயி வுய்ட்டோனின் மகன் 1896-ல் அப்பாவின் எழுத்துகளைப் பெட்டித் துணியில் பரப்பியது போலிச் சரக்கைத் தடுக்கத்தான். நம் வீட்டுக் குடத்தில் பெயர் வெட்டுவதும் 'இது என்னுடையது' என்று சொல்லத்தானே?

1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டத்தில் எழுத்தும் சின்னம்தான். உங்கள் அச்சை அப்படியே, பின்னல் மாறாமல் கொடுங்கள். பதிவுக்காகச் சரக்குகளை வகுப்பு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள்: பர்ஸ் 18-ஆம் வகுப்பு, இடுப்பு பெல்ட் 25. தனிநபர் ஆன்லைனில் கட்டினால் வகுப்புக்கு 4,500, ஆக 9,000. மீதி அவர் கூலி. கூலி வாங்கட்டும், தப்பில்லை. அரசு ரசீதைத் தனியே காட்டட்டும்.

விண்ணப்பத்தில் யார் மின்னஞ்சல் இருக்கிறது என்று பாருங்கள். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. ராணிப்பேட்டையில் ஒருவர் விண்ணப்ப ஒப்புகைச் சீட்டை லேமினேட் செய்து கல்லாவுக்கு மேல் மாட்டியிருந்தார். பதிவாகிவிட்டதாம்! சென்னை கிண்டியில் இருக்கும் வணிகச் சின்னப் பதிவு அலுவலகத்திலிருந்து வந்த ஆட்சேபக் கடிதம் புரோக்கரின் மெயிலில் தூங்கியது. ஒரு மாதத்தில் பதில் போகாமல் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிட்டது. கிண்டி அலுவலகம் ஒரு போன் செய்திருக்கலாமே என்றால், செய்யாது. மெயில் அனுப்பியதோடு அவர்கள் கடமை முடிந்தது. விண்ணப்ப எண்ணைப் போட்டு நிலவரத்தை நீங்களே இலவசமாகப் பார்க்கலாம். மாதம் ஒருமுறை பாருங்கள். வட்டத்துக்குள் ஆர் போடுவது பதிவுக்குப் பிறகுதான். அதுவரை 'டிஎம்' (டிரேட் மார்க்) என்று போட்டால் போதும்.

பக்கத்துக் கடைக்காரர் முந்திப் பதிந்துவிட்டால்? சட்டத்தின் 34-ஆவது பிரிவு உங்களைக் காப்பாற்றும், சில கண்டிஷனோடு. அவர் சின்னத்தைப் பயன்படுத்தத் தொடங்கிய நாள், பதிந்த நாள், இரண்டுக்கும் முன்பிருந்தே நீங்கள் பயன்படுத்தியிருக்க வேண்டும். இடைவிடாமல் பயன்படுத்தியிருக்க வேண்டும். அதே சரக்குக்குப் பயன்படுத்தியிருக்க வேண்டும்: தாத்தா பர்ஸில் மட்டும் குத்தியிருந்தால் பெல்ட்டுக்கு அது உதவாது. தாத்தா காலக் கணக்கு உங்களுக்குச் சேர, தொழில் உங்கள் கைக்கு வந்ததைக் காட்டும் காகிதம் வேண்டும். சித்தப்பா மகன்களும் அதே அச்சைக் குத்துகிறார்களா? அப்படியானால் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் அச்சு யாருக்கு என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால், விண்ணப்பத்துக்கு முன்பே அவர்களோடு உட்கார்ந்து எழுதி வாங்குங்கள்.

பரணில் பழைய பில் புத்தகம் இருக்கும். அச்சு விழுந்த பில்லாகப் பார்த்து, கரையான் அரிப்பதற்குள் எடுத்து வையுங்கள். 'எப்போதிலிருந்து பயன்படுத்துகிறீர்கள்' என்ற கட்டத்துக்குப் பிரமாணப் பத்திரத்தோடு இணைக்க வேண்டியது அதுதான்.