கடனில் பங்கு உண்டு, வீட்டில் பங்கு இல்லையா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். வீட்டு பாண்டில் (வீட்டை அடகு வைத்து வாங்கிய கடனில்) 6 லட்சம் ராண்ட் பாக்கி, இன்னும் 9 வருடம் கட்ட வேண்டும். வட்டி குறைவான வேறொரு பாங்குக்கு மாற்றி, மேலே 2 லட்சம் வாங்கி, கார் கடனை அடைத்து மகன் கடைக்கும் கொடுக்கலாம் என்கிறார் கணவர். வீடு அவர் பெயரில் மட்டும். எங்கள் கல்யாணம் கோவிலில் நடந்தது, பதிவு செய்யவில்லை. புது பாங்க் என்னை ஷூரிட்டி (ஜாமீன்) தாளில் கையெழுத்துப் போடச் சொல்கிறது. ஃபர்னிச்சர் கடை பாக்கியை விண்ணப்பத்தில் எழுத வேண்டாம் என்கிறார் ஏஜென்ட். என்ன செய்யட்டும்?
– ஒரு வாசகி

பதில்: அம்மா, வட்டியை அப்புறம் பார்க்கலாம். முதலில் அந்த ஷூரிட்டி தாள்.

அதில் கையெழுத்துப் போட்டால், கணவர் கட்டாத கடனுக்கு நீங்களும் முழுப் பொறுப்பு. பாதி அல்ல. பாங்குகள் தரும் தாளில் வழக்கமாக உங்களையும் முதல் கடன்காரராகவே ஆக்கும் ஒரு வரி இருக்கும். ‘முதலில் அவரிடம் வசூல் செய்துவிட்டு என்னிடம் வாருங்கள்’ என்று சொல்லும் உரிமை அதோடு போய்விடும். வீட்டுப் பத்திரத்திலோ உங்கள் பெயரே கிடையாது.

கல்யாணம் பதிவாகாதது இதை இன்னும் மோசமாக்குகிறது. தனி ஒப்பந்தம் எழுதாமல் சட்டப்படி கல்யாணம் செய்தவர்களுக்கு இந்த நாட்டில் சொத்தும் பொது, கடனும் பொது. அப்படிப் பொதுவான வீட்டை அடகு வைக்க மனைவியின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்கிறது 1984-ஆம் வருடத்து மேட்ரிமோனியல் பிராப்பர்ட்டி (தம்பதியர் சொத்து) சட்டம். மேளம் கொட்டித் தாலி கட்டி ஊரே சாப்பிட்டுப் போயிருந்தாலும், பதிவு இல்லையென்றால் அந்தப் பாதுகாப்பு உங்களுக்கு இல்லை. நம் பெண்களில் பலருக்கு இது தெரிவதே இப்படி ஒரு தாள் கைக்கு வரும்போதுதான். சரி, கல்யாணத்தை இப்போதே ஹோம் அஃபேர்ஸில் (அரசின் உள்துறை அலுவலகத்தில்) பதிந்துவிடலாமா? ஒப்பந்தம் இல்லாமல் பதிந்தால் வீடு பொதுவாகும். மகன் கடைக்காக அவர் வாங்கிய கடனும் பொதுவாகும். லாயரைக் கேட்காமல் அதைச் செய்யாதீர்கள்.

என் யோசனை இதுதான்: உங்கள் கையெழுத்து வேண்டுமென்றால், வீட்டில் பாதியை உங்கள் பெயருக்கு எழுதித் தரச் சொல்லுங்கள். பழைய பாண்ட் ரத்தாகிப் புதியது பதிவாகும் நேரமே அதற்குத் தோது. பீட்டர்மாரிட்ஸ்பர்க் டீட்ஸ் ஆபீஸில் (பத்திரப் பதிவு அலுவலகத்தில்) எல்லாவற்றையும் சேர்த்தே பதியலாம். செலவு உண்டு, கணவர் முகம் சுளிக்கவும் கூடும். கேட்டுத்தான் ஆகவேண்டும்.

அடுத்தது அந்த 2 லட்சம். கார் கடன் கட்டாவிட்டால் இன்று போவது கார். அதை பாண்டில் சேர்த்தபின் தவணை தவறினால் வீட்டுக்கே வழக்கு வரும். அதோடு, பாண்ட் பத்திரத்தில் ‘இப்போதுள்ள, இனி வரும் எல்லாக் கடன்களுக்கும்’ என்ற வாசகம் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், நாளைக்கு மகனின் வியாபாரக் கடனுக்கு அதே பாங்கில் கணவர் ஜாமீன் நின்றாலும் வீடு அதற்கும் ஈடாகிவிடும். குடியிருக்கும் வீட்டை ஏலம் விட நீதிபதியின் உத்தரவு வேண்டும் என்பது உண்மை. அந்த நிலைக்குப் போகாமலே பார்த்துக்கொள்வோம்.

ஏஜென்ட் பேச்சைக் கேட்கவே கேட்காதீர்கள். உங்களால் கட்ட முடியுமா என்று பார்க்காமல் கடன் கொடுத்தால் பாங்கைக் கேள்வி கேட்க நேஷனல் கிரெடிட் சட்டம் இடம் தருகிறது. விண்ணப்பத்தில் கணவர் ஒரு பாக்கியை மறைத்து, அதனால் பாங்கின் கணக்கு பிசகியிருந்தால், அந்த வாதம் கோர்ட்டில் நிற்காது. ஏஜென்ட்டுக்குக் கமிஷன் வந்துவிடும், வழக்கு உங்கள் வீட்டுக்கு வரும்.

பழைய பாங்குக்கு 90 நாள் நோட்டீஸ் கொடுத்தாயிற்றா? கொடுக்காமல் முடித்தால் மூன்று மாத வட்டிவரை அபராதம் கேட்கலாம். வட்டி 11.5 சதவீதம் என்று வைத்தால் 6 லட்சத்துக்கு அது 17,250 ராண்ட். நோட்டீஸை எழுத்தில் கொடுத்து, தேதி போட்ட பதிலை வாங்கி வையுங்கள். பழைய கடனோடு இருந்த ஆயுள் காப்பீடும் கடனோடு முடியலாம். புதியது கையில் வருமுன் அதை நிறுத்தவேண்டாம்.

இப்போது வட்டி. அதே 6 லட்சத்துக்கு மீதி 9 வருடமும் 11.5 சதவீதத்தில் மாதம் சுமார் 8,940 ராண்ட். 10.5 சதவீதத்தில் 20 வருடத்துக்கு நீட்டினால் மாதம் சுமார் 5,990. கேட்க இனிக்கும். ஆனால் மொத்தத்தில் ஏறக்குறைய 4 லட்சத்து 70 ஆயிரம் கூடுதலாகக் கட்டுவீர்கள். வட்டி குறைந்தால் போதாது, 9 வருடம் 9 வருடமாகவே இருக்கட்டும் என்று கேளுங்கள்.

இன்னொன்று: பாண்ட் பதிகிற அட்டர்னிக்கு (லாயருக்கு) பணம் கொடுப்பது நீங்கள், ஆனால் அவர் பாங்கின் ஆள். தாள்களின் நகலை முன்கூட்டியே வாங்கி, கையெழுத்துக்கு முன் உங்களுக்கென்று ஒரு லாயரிடம் காட்டுங்கள். வசதி இல்லையென்றால் க்வாஸூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் சட்ட உதவி மையத்தில் கேட்டுப் பாருங்கள்.