பேரனின் ஆங்கிலம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஆங்கில ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். லண்டனில் வளரும் என் பேரன் விடுமுறைக்கு வந்திருந்தான். 'ஆஸ்க்' என்பதை 'ஆக்ஸ்' என்கிறான். எதைச் சொன்னாலும் கடைசியில் ஒரு 'இன்னிட்' ('இஸின்ட் இட்' என்பதன் சிதைவு). திருத்தினால் சிரிக்கிறான். சொந்த ஊரிலேயே அந்த மொழி சோம்பேறித்தனத்தால் இப்படிக் கெட்டுப்போனால், நாங்கள் சொல்லிக்கொடுத்தது எந்த ஆங்கிலம்?

கே.
திருநெல்வேலி

அன்புள்ள கே.,

'ஆக்ஸ்' பேரன் காலத்துச் சரக்கு இல்லை. பதினான்காம் நூற்றாண்டின் ஆங்கிலக் கவிஞர் சாசரே அப்படி எழுதியிருக்கிறார். சரியான ஆங்கிலத்துக்கு அரண்மனையைக் கைகாட்டுவதும் இனிச் செல்லாது. இரண்டாம் எலிசபெத் ராணியின் கிறிஸ்துமஸ் உரைகளை ஒலியியல் ஆய்வாளர் ஜொனாதன் ஹாரிங்டனும் சகாக்களும் ஆராய்ந்து 2000இல் 'நேச்சர்' அறிவியல் இதழில் எழுதினார்கள். 1950களுக்கும் 1980களுக்கும் இடையே ராணியின் உயிரொலிகள் அவருடைய இளைய குடிமக்களின் பேச்சை நோக்கி நகர்ந்திருந்தன. முழுக்கப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

எனக்கு உறுத்துவது 'சோம்பேறித்தனம்' என்ற உங்கள் சொல். வில்லியம் லபோவ் முதலில் வேதியியலாளர். பிறகு மொழியியலுக்கு வந்தவர். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரையை ஒட்டிய மார்த்தாஸ் வினியார்ட் தீவில் அவர் செய்த ஆய்வு 1963இல் வெளியானது. அங்கே நிரந்தரமாக இருந்தவர்கள் ஆறாயிரம் பேர்கூட இல்லை. கோடையில் வந்து இறங்கியவர்களோ நாற்பதாயிரத்துக்கு மேல். மீன்பிடித் தொழில் படுத்துவிட்டது. கடலோர நிலங்கள் ஒவ்வொன்றாகக் கோடைக்காரர்கள் கைக்குப் போய்க்கொண்டிருந்தன.

'ரைட்', 'ஹவுஸ்' போன்ற சொற்களில் வரும் ஈருயிரொலியை ('ஐ', 'ஔ' போல இரண்டு உயிர்கள் இணைந்த ஒலியை) வாய் முழுக்கத் திறக்காமல் தொடங்குவது அத்தீவின் பழைய வழக்கம். தேய்ந்துகொண்டிருந்த அந்த வழக்கு மறுபடி தலையெடுத்ததை லபோவ் கவனித்தார். அது மிகுந்து ஒலித்தது கிழவர்களிடம் இல்லை, முப்பதுக்கும் நாற்பத்தைந்துக்கும் இடைப்பட்டவர்களிடம். அவர்களிலும் சில்மார்க் பகுதி மீனவர்களே முன்னணி. ஊரைவிட்டுக் கிளம்பும் எண்ணத்தில் இருந்த இளைஞர்களிடம் அநேகமாக அது இல்லை. இங்கேயேதான் வாழ்வது என்று முடிவெடுத்தவர்களிடம் ஓங்கி ஒலித்தது. ஒரு தாய் லபோவிடம் சொல்கிறாள்: என் மகன் முன்பெல்லாம் இப்படிப் பேசமாட்டான், கல்லூரி முடித்துத் திரும்பியபிறகுதான் ஆரம்பித்தான், துறைமுகத்து ஆட்களைப்போல இருக்க ஆசைப்பட்டானோ என்னவோ!

படித்தவன், வெளியூர் பார்த்தவன், வேறு உச்சரிப்பும் கைவசம் உள்ளவன். இதில் சோம்பல் எங்கே வந்தது? அவனைக் கேட்டால் தெரிந்து செய்ததாகச் சொல்லியிருப்பானா என்பதே சந்தேகம். ஆனால் யாரோடு நிற்கிறான் என்பது வாயில் வந்துவிட்டது.

உங்கள் பேரனின் லண்டனில் ஜமைக்கா, நைஜீரியா, வங்கதேசம் என்று பல ஊர் வேர்கள் கொண்ட பிள்ளைகள் ஒரே தெருவில் சேர்ந்து வளர்கிறார்கள். வீட்டுக்கு வீடு மொழி வேறு. விளையாடும் இடத்தில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு ஆங்கிலம் உருவாகிவிட்டது. உங்கள் ஆங்கிலத்தை அவன் அங்கே பேசினால் கூட்டாளிகள்தான் சிரிப்பார்கள்.

அடுத்தமுறை வரும்போது அவன் நண்பர்களோடு போனில் பேசுவதையும் பாட்டியோடு பேசுவதையும் சற்றுக் காதுகொடுத்துக் கேளுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்காது என்றே நினைக்கிறேன். தேர்வுத்தாளில் 'இன்னிட்' எழுதினான் என்றால் மட்டும் சிவப்புப் பேனாவை எடுங்கள்.