புது வால்வும் சிவக்கிறதே!

கேள்வி: தாத்தா வைத்திருந்த வால்வு ரேடியோவில் மெயின் கண்டென்சர்களை (மின்சப்ளையை வடிகட்டும் பெரிய கண்டென்சர்களை) மாற்றினேன். பத்து நிமிடம் அருமையாகப் பாடுகிறது. பிறகு குரல் கரகரத்து, ஸ்பீக்கரை ஓட்டும் இ.எல்.84 வால்வின் உள்தகடு சிவக்கிறது. புது வால்வு போட்டேன், அதுவும் சிவக்கிறது.
– வாசகர், காரைக்குடி

பதில்: மூன்றாவது வால்வு வாங்கிவிடாதீர்கள். அந்த வால்வின் 2-ஆம் பின்னுக்கு, அதாவது கரண்டைக் கட்டுப்படுத்தும் கம்பிவலையான கிரிட்டுக்கு, ஒரு 0.01 மைக்ரோஃபாரட் கண்டென்சர் வருகிறது அல்லவா? மெழுகு பூசிய பழைய பேப்பர் கண்டென்சராகவே இருக்கும். முந்தைய வால்வின் டி.சி.யைத் தடுத்து ஒலியை மட்டும் விடுவது அதன் வேலை. சூடேறினால் கசியும், அதனால்தான் முதல் பத்து நிமிடம் நன்றாகப் பாடுகிறது. கசிந்தால் கிரிட் பாசிட்டிவாகி, வால்வு கரண்டை அள்ளி இழுக்கும்.

டிஜிட்டல் மீட்டரின் கறுப்பு முனையைச் சேசிஸில் (ரேடியோவின் உலோக அடிச்சட்டத்தில்) கிளிப் போட்டுவிட்டு, ஒரு கையால் மட்டும் அளவெடுங்கள். சாக்கெட்டைக் கீழிருந்து பார்க்கும்போது, பின்களுக்கு நடுவே உள்ள பெரிய இடைவெளியிலிருந்து வலஞ்சுழியாகப் பின்களை எண்ண வேண்டும். 2-ஆம் பின்னில் 0 வோல்ட் இருக்க வேண்டும். 3-ஆம் பின்னில் (எலக்ட்ரான் கிளம்பும் கேத்தோடு), 135 ஓம் கேத்தோடு ரெசிஸ்டர் என்றால், சுமார் 7 வோல்ட். அதாவது 50 மில்லி ஆம்பியருக்குச் சற்று மேல். 11, 12 வோல்ட் காட்டினால் கரண்ட் 80-ஐத் தாண்டிவிட்டது. 3-ஆம் பின்னில் 0 வந்தால் கதை வேறு: ரெசிஸ்டருக்கு இணையாக உள்ள எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர் ஷார்ட்.

2-ஆம் பின்னில் வோல்ட் இருந்தால், ஆஃப் செய்து பிளக்கைப் பிடுங்குங்கள். மெயின் கண்டென்சரை 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரால் டிஸ்சார்ஜ் செய்த பிறகு, பேப்பர் கண்டென்சரின் கிரிட் பக்கக் காலைக் கழற்றி, மறுபடி ஆன் செய்து அளந்துபாருங்கள். வோல்ட் மறைந்தால் குற்றவாளி அதுவே. 0.01 மைக்ரோஃபாரட், 630 வோல்ட் பாலியெஸ்டர் போடுங்கள். கேத்தோடு ரெசிஸ்டரையும் அளந்துவிடுங்கள். இத்தனை சூட்டில் மதிப்பு மாறியிருக்கலாம். மாற்றிய பின் முதல் தடவை ஆன் செய்யும்போது 60 வாட் குண்டு பல்பு மாட்டிய சீரிஸ் போர்டு (பல்பைத் தாண்டியே ரேடியோவுக்குக் கரண்ட் போகும் பலகை) வழியாகக் கொடுப்பது நல்லது.

கேள்வி: உறுமல் போகட்டும் என்று என் வால்வு ரேடியோவில் 32 மைக்ரோஃபாரட் மெயின் கண்டென்சர் இருந்த இடத்தில் 220 போட்டேன். அணைத்து உடனே போட்டால் இ.இசட்.80 வால்வுக்குள் பொறி பறக்கிறது.
– வாசகி, திருச்சி

பதில்: ஏ.சி.யை டி.சி. ஆக்கும் அந்த ரெக்டிஃபயர் வால்வை ஒட்டிய முதல் கண்டென்சருக்கு உச்ச வரம்பே 50 மைக்ரோஃபாரட்தான். 220 போட்டால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே மடக்கில் கரண்ட் இழுக்கும், வால்வு தாங்காது. முதலாவதற்கு 32 அல்லது 47, 450 வோல்ட் போதும். அப்போதும் உறுமினால், சோக்குக்கோ (வடிகட்டும் கம்பிச்சுருள்) ரெசிஸ்டருக்கோ அப்பால் உள்ள இரண்டாவதை 100 ஆக்குங்கள்.

கேள்வி: டயல் கண்ணாடியைச் சோப்புத் தண்ணீரில் கழுவினேன். ஸ்டேஷன் பெயர்களே போய்விட்டன!
– வாசகர், மதுரை

பதில்: எழுத்து கண்ணாடியின் பின்பக்கத்தில் மேலோட்டமாக அச்சிட்டது, வெறும் தண்ணீருக்கே உரியும். போனது போனதுதான். அதே மாடல் டயல் கிடைத்தால் ஸ்கேன் செய்து, அசல் அளவிலேயே ஓ.ஹெச்.பி. ஷீட்டில் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளில்) அச்சிட்டுப் பின்னால் ஒட்டுங்கள். ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் முள் வேறு ஸ்டேஷனைக் காட்டும்.